உபரிப் புருஷன்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்தக் கதையில் ஆண்டி கிடையாது, ஊதியது அரசாங்கம். அதுவும் நல்ல எண்ணத்தோடு ஊதியது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கறிக்கடைக்காரரும் பஸ் டிரைவரும் தையல்காரியும் பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர்கள். ஒரு பெண்டாட்டி, இரண்டு புருஷன். தெரு முதல் ஆறு மாசம் வாய் வலிக்கப் பேசியது. கிழிந்ததைத் தெரியாமல் தைக்க அந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டது. இரண்டு புருஷர்களும் ஒருத்தரையொருத்தர் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு மாசம் குழம்பினார்கள். அண்ணன் என்றால் ஒட்டவில்லை, மச்சான் என்றால் அசிங்கமாக இருந்தது. கடைசியில் ‘பங்காளி’ என்று முடிவு பண்ணிக்கொண்டார்கள். யாரும் அவர்களிடம் ரேஷன் கார்டைக் காட்டு, தாலியைக் காட்டு என்று வந்து நின்றதில்லை. அவர்கள்பாட்டுக்கு இருந்தார்கள்.

அப்போதுதான் சட்டம் வந்தது. ‘மூவர், நால்வர் திருமண அங்கீகாரச் சட்டம்’ என்று பெயர். அன்புக்குத் தலைக்கணக்குப் பார்க்கிற காலம் மலையேறிவிட்டது என்று அமைச்சர் மேடையில் கண்கலங்கினார். டிப்போ டிவியில் அதைப் பார்த்த டிரைவர் நேரே கறிக்கடைக்கு ஓடி வந்தார்.

"பங்காளி, நம்மளயும் மனுஷனா மதிச்சுட்டாங்கய்யா!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கறிக்கடைக்காரருக்குத் தெரியாததா? ஆனாலும் அவரும் சேர்ந்துதான் சந்தோஷப்பட்டார். அவர் அப்படிப்பட்ட மனுஷன். பகல் முழுக்கக் கத்தி பிடிக்கிற கை, வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் அட்டையில் ஏந்தி வெளியே கொண்டுபோய் விடும். தையல்காரி செருப்பை எடுத்தால், "பாவம், அதுக்கும் புள்ளகுட்டி இருக்கும்" என்பார்.

ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் வந்தது. கொண்டுவந்த ஆள் கதவைத் தட்டவில்லை. நாலங்குல ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தான். ஆணி பலகையைத் துளைத்து, உள்பக்கம் மாட்டியிருந்த டிரைவரின் மழைக்கோட்டையும் துளைத்தது. கறிக்கடைக்காரர் பதறிக் கதவைத் திறந்தார். "வாழ்த்துகள் சார், அங்கீகாரம் வந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனான்.

நோட்டீஸ் சொன்னது இவ்வளவுதான். முப்பது நாளுக்குள் மூவரும் பதிவு செய்ய வேண்டும். முப்பதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதியாவிட்டால், இருவர் போக மிச்சமுள்ளவர் ‘உபரி நபர்’ ஆவார். உபரி நபர் அகற்றப்படுவார். இந்த வீட்டின் உபரி நபர், கடைசியாக வந்து சேர்ந்தவர் என்ற முறையில், கறிக்கடைக்காரர்.

"அகற்றறதுன்னா என்னங்க?" என்று கேட்டாள் தையல்காரி.

"சும்மா பயமுறுத்தறதுக்கு எழுதியிருப்பாங்க" என்றார் கறிக்கடைக்காரர்.

இருபத்தொன்பதாம் நாள் அர்த்தம் விளங்கியது. எதிர்வீட்டில் பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருத்தர் ஒரு தம்பதியோடு சேர்ந்து வாழ்ந்தார். பதியத்தான் போனார்கள், மனுவில் தேதி தப்பாம். சாம்பல் நிற வண்டி வந்தது. நாலு பேர் இறங்கி அவரைத் தலைமுடியைப் பிடித்துப் படியில் இழுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் தாடை இடித்தது. அந்த வீட்டுப் பெண் வண்டியின் பின்கதவைப் பிடித்துத் தொங்கினாள். உள்ளேயிருந்து ஒரு பூட்ஸ் கால் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மிதித்து விடுவித்தது. வண்டி போன பிறகு அதன் பின்னால் எழுதியிருந்ததை டிரைவர்தான் படித்தார். ‘எல்லா அன்பும் சமம்.’ அந்த வண்டி போய்ச் சேருகிற உபரிக் கிடங்கிலிருந்து யாரும் திரும்பி வந்ததாகச் சேதி இல்லை.

கறிக்கடைக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தையல்காரி அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பதிவு அலுவலகம் திறக்கும்போதே மூவரும் வாசலில் நின்றார்கள். அங்கே வாசல் காவலாளி ஒருத்தன் இருந்தான். கையிலிருந்த தடி அவன் உயரத்தில் பாதி. எல்லாரும் அவனைக் குண்டாந்தடி என்றே கூப்பிட்டார்கள். அவனும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க! இது கல்யாண ஆபீஸ்!" என்று கத்தினான்.

"அண்ணே, நாங்க மூணு பேருண்ணே" என்றார் கறிக்கடைக்காரர் பணிவாக.

"வரிசைக்குச் சட்டம் இன்னும் மாறலய்யா" என்று குண்டாந்தடி விளக்கம் சொல்லிவிட்டு, மூன்றாவதாக நின்றவர் வாயில் தடியைத் திருப்பி ஒரு போடு போட்டான். மூன்றாவதாக நின்றவர் கறிக்கடைக்காரர். முன்பல் ஒன்று சிமென்டுத் தரையில் விழுந்து உருண்டது. டிரைவர் சட்டையை மடித்துக்கொண்டு பாய்ந்தார். தையல்காரி அவரை இழுத்துப் பிடித்தாள். "விடுப்பா. உள்ள போய் வேலைய முடிப்போம். அஞ்சு மணி ஞாபகம் இருக்கா?"

"அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே குண்டாந்தடி பல்லைப் பொறுக்கி, மரியாதையாக அவர் கையிலேயே கொடுத்தான். "தொலைச்சுடாதீங்க. உள்ள கேப்பாங்க."

உள்ளே கேட்டார்கள்.

பதிவாளர் அறையில் சுவருக்கு இடுப்புயரம்வரை கரும் சிவப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தது, கறை தெரியாமலிருக்க. மேஜையில் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர்; அதில் முக்கால்வாசிக்குப் பல். பதிவாளர் வெள்ளைச் சட்டை போட்ட, நிதானமாகப் பேசுகிற மனிதர். ஓரத்தில் டைப்பிஸ்ட் அம்மா மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவரோரமாக ஒரு ஆள் குறடு, பிளேடு, பஞ்சு எல்லாம் வைத்த தட்டோடு நின்றான். அவன் சட்டைப்பையில் ‘சமநிலைப் பிரிவு’ என்று அட்டை தொங்கியது.

இவர்கள் முறை வரும்போது மணி மூன்றரை. பதிவாளர் மனுவைப் படித்தார். கறிக்கடைக்காரரின் உள்ளங்கையிலிருந்த பல்லைப் பார்த்தார். முகம் வாடியது.

"அடடா. மூணாவது மனுதாரருக்கு முப்பத்தொரு பல். மத்த ரெண்டு பேருக்கும் முப்பத்திரண்டு. இப்படிக் கொண்டுவந்தா நான் எப்படிங்க பதியறது? ஒன்பதாம் பிரிவு என்ன சொல்லுது? ஒருவர்க்குள்ளது எல்லார்க்கும், ஒருவர்க்கில்லாதது எவர்க்குமில்லை."

"சார், இத உடைச்சதே உங்க வாசல்ல நிக்கற ஆளுதான் சார்."

"யார் உடைச்சாங்கன்னு சட்டம் பார்க்கறதில்லைங்க. உடைஞ்சிருக்கா, இல்லையா?" பதிவாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பேச ஆசைப்படுகிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. "நீங்க எங்களைத் தப்பா நினைக்கக் கூடாது. ரெண்டு பேர் கல்யாணத்துல நாங்க தலையிடறதே இல்லை. அங்க அடிதடியை அவங்களே வீட்டுக்குள்ள பார்த்துக்கறாங்க. மூணு பேர்னா ஏற்றத்தாழ்வு வந்துடும், ஒருத்தருக்கு மட்டும் அதிகமா விழும். அதனாலதான் அந்தப் பொறுப்பை அரசாங்கம் எடுத்துக்கிட்டிருக்கு. எவ்வளவு பெரிய செலவு தெரியுமா எங்களுக்கு? ஆனா உங்க அன்புக்காகச் செய்யறோம்."

சொல்லிவிட்டுத் தலையசைத்தார். சமநிலைப் பிரிவு ஆள் குறட்டை எடுத்தான். முதலில் டிரைவர். குண்டாந்தடி பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பிடித்தான். பல் வேரோடு வர மூன்று இழுப்பு ஆனது. அடுத்து தையல்காரி. அவளுக்கு இரண்டு. கறிக்கடைக்காரர் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது.

"மூணாவது மனுதாரர் அழறார். மத்தவங்க அழலை" என்று எட்டிப் பார்த்தாள் டைப்பிஸ்ட் அம்மா.

"அழுகைக்குச் சுற்றறிக்கை இன்னும் வரலை. விட்டுடுங்க" என்றார் பதிவாளர் பெருந்தன்மையாக.

பிறகு அங்க அடையாளம். டிரைவருக்குப் புருவத்தின்மேல் ஒரு தழும்பு, எப்போதோ பஸ் கண்ணாடி உடைந்து கிழித்தது. அதை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். ஐந்தரை சென்டிமீட்டர். அட்டைப்பெட்டி அறுக்கிற பிளேடால் மற்ற இரண்டு பேர் புருவத்திலும் அதே ஐந்தரை கோடு போட்டார்கள். தையல்காரிக்கு ஆறு ஆகிவிட்டது. அதற்காக மற்ற இரண்டு பேருக்கும் அரை நீட்டினார்கள். சமநிலைப் பிரிவு ஆள், "சாரிம்மா, கை வழுக்கிடுச்சு" என்று மனசார மன்னிப்புக் கேட்டான். மூன்று பேர் முகமும் ரத்தத்தில் ஒரே மாதிரி ஆனது. பதிவாளருக்குத் திருப்தி.

"பாருங்க, இப்பதான் ஒரு குடும்பம் மாதிரி இருக்கீங்க. கைரேகை வைங்க, முடிஞ்சுது."

கறிக்கடைக்காரர் இரண்டு கையையும் நீட்டினார். இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஆட்டெலும்போடு சேர்த்து வெட்டிக்கொண்டது. இருபது வருஷமாக அது இல்லாததை அவரே மறந்துவிட்டிருந்தார்.

பதிவாளரின் பார்வை தையல்காரியின் கைக்குப் போனது.

"சார்" என்றார் கறிக்கடைக்காரர். "சார், அவ தையல் தொழில் பண்றவ. விரல் போனா சோறு போச்சு."

"சட்டம் தொழில் பார்க்காதுங்க."

"அப்ப நான் விலகிக்கறேன். என் பேரை எடுத்துடுங்க. அவங்க ரெண்டு பேரும் நல்லாயிருக்கட்டும்."

"தாராளமா" என்ற பதிவாளர் வேறொரு படிவத்தைத் தேடி எடுத்தார். "விலகறதுக்கு மனஸ்தாபம் நிரூபிக்கணும். அவங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பத்து அடி உங்களை அடிக்கணும், என் முன்னால. தடி நாங்க கொடுப்போம். அப்புறம் நீங்க உபரி. வண்டி கீழதான் நிக்குது."

கறிக்கடைக்காரர் உடனே டிரைவர் பக்கம் திரும்பினார். "அடி பங்காளி."

"போய்யா லூசு" என்றார் டிரைவர். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலுமாகத் தெறித்தது. "உன்ன அனுப்பிட்டு நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவா? எங்களுக்குள்ள பேச்சே உன்னப் பத்தித்தான்யா."

தையல்காரி இடது கையை மேஜைமேல் வைத்தாள்.

"எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். "ஊசி பிடிக்கறது வலது கை. துணியப் பிடிக்க நாலு விரல் போதும். பழகிக்குவேன். இவரு இல்லாம இருக்க என்னால பழகிக்க முடியாது."

அவள் அப்படி வாயைத் திறந்து சொன்னது பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கறிக்கடைக்காரர் குழந்தைபோலத் தேம்பினார்.

சமநிலைப் பிரிவு ஆள் மூலையிலிருந்து பேப்பர் வெட்டுகிற மெஷினை உருட்டிக்கொண்டு வந்தான். கைப்பிடியைத் தூக்கி இறக்குகிற பழைய மெஷின். பிளேடு முழுக்கத் துரு. "முந்தாநாள் ஒரு குடும்பத்துக்கு நாலு தடவ அழுத்த வேண்டியதாப் போச்சு" என்று அவனே சொன்னான். "சாணை பிடிக்க எழுதிப் போட்டிருக்கோம், வரலை."

கறிக்கடைக்காரர் அந்த பிளேடைப் பார்த்தார். தொழில்காரன் கண். அழுகை நின்றுபோனது.

"இது வேணாம். என் கத்திய எடுத்துட்டு வா பங்காளி" என்றார்.

கடை இரண்டு தெரு தள்ளி. டிரைவர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். வாசலில் குண்டாந்தடி மறித்தான். அரசாங்க ஆபீசுக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்று போர்டே இருக்கிறது. எதற்கு என்று டிரைவர் சொன்னார். "ஓ, ஆபீஸ் வேலைக்கா? அப்ப சரி, போங்க" என்று கதவைத் திறந்துவிட்டான்.

கறிக்கடைக்காரர் கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவினார். டைப்பிஸ்ட் அம்மா காப்பிக்கு வைத்திருந்த தண்ணீர் அது. டிரைவர்தான் முதலில் கையை வைத்தார்.

"பங்காளி, நீ கண்ண மூடிடாத. நான் மூடிக்கறேன்."

ஒரே போடு. கணு பார்த்து, எலும்பு நொறுங்காமல். டிரைவர் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

அடுத்து அவள் கை. கறிக்கடைக்காரர் அதை மேஜைமேல் தட்டையாக வைத்தார். ஆள்காட்டி விரல் முழுக்க ஊசி குத்திய காய்ப்பு. சுண்டுவிரல் மட்டும் வழுவழுவென்று இருந்தது.

"உங்களுக்குப் போனப்ப ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"அப்ப நான் தனி ஆளு. யார்கிட்டயும் சொல்லல."

"இப்ப என்கிட்ட சொல்லுங்க."

"வலிச்சுதும்மா" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேஜையில் ரத்தம் படிவம்வரை ஓடிவந்தது. டைப்பிஸ்ட் அம்மா படிவத்தை மட்டும் பக்குவமாகத் தூக்கிக்கொண்டாள். கறிக்கடைக்காரர் தன் சட்டையைக் கிழித்து இரண்டு பேருக்கும் கட்டுப் போட்டார்.

மணி நாலே முக்கால். மூன்று பேரும் மூன்று கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாளர் எழுந்து நின்று பேனா மூடியைத் திறந்தார்.

"இந்த மாதிரி நேரத்துல எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகும்" என்றார். "நான் கல்யாணமே பண்ணிக்கலை. இருபத்திரண்டு வருஷமா மத்தவங்க கல்யாணத்தைப் பதிஞ்சு பதிஞ்சு அதுலயே எனக்குச் சந்தோஷம்." சொல்லிக்கொண்டே படிவத்தின் கீழ் வலது மூலையில், இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிற அதே இடத்தில், சுழித்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் குத்தினார். பதிவேடு எண்ணையும் எழுதிவிட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"சார், இது புதுப் படிவம் சார். நால்வர் வரைக்கும்னு முன்பக்கம் நாலு கட்டமும் மணமக்களுக்குத்தான். பதிவாளர் கையெழுத்து பின்பக்கம்."

"அதனாலென்ன?"

"நாலாவது புருஷனா... அதாவது மூணாவது புருஷனா நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். முத்திரை வேற விழுந்துடுச்சு."

பதிவாளர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "அடிச்சுட்டு வேற எழுதிக்கலாம்."

"பதிவேட்டுல அடிச்சா அடிச்ச கை போகும் சார். போன வாரம் மேல்மாடி கிளார்க்குக்கு நீங்கதான் ஆர்டர் போட்டீங்க. மணிக்கட்டோட."

"அப்ப நான் விலகிக்கறேன்!"

"விலகினா நீங்க உபரி சார். கடைசியா வந்து சேர்ந்தவர் நீங்கதானே" என்றாள் டைப்பிஸ்ட் அம்மா. அவளுக்கு விதி அத்தனையும் தலைகீழ்ப் பாடம். ஜன்னலை எட்டிப் பார்த்து, "வண்டி ஸ்டார்ட் பண்ணிட்டாங்க" என்றும் சொன்னாள்.

பதிவாளர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். குண்டாந்தடி சத்தமில்லாமல் உள்ளே வந்து அவர் பின்னால் நின்றான். தினமும் சலாம் போடுகிற ஆள்தான். இப்போதும் ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் கழுத்தை வளைத்தான். சமநிலைப் பிரிவு ஆள் தட்டைக் கொண்டுவந்து வைத்து, மனுதாரர்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டான். பல் ஒன்று. புருவம் ஆறு சென்டிமீட்டர். இடது சுண்டுவிரல் பாதி. சான்றிதழைப் புத்தகத்திலிருந்து கிழித்து டைப்பிஸ்ட் அம்மா தையல்காரியிடம் கொடுத்தாள். "நீங்க போகலாம்மா. உங்க வேலை முடிஞ்சுது."

பேப்பர் வெட்டுகிற மெஷின் மறுபடி உருண்டு வந்தது. அதைப் பார்த்ததும் பதிவாளருக்கு நிதானமெல்லாம் போயிற்று. கறிக்கடைக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, நீங்க தொழில்காரர். உங்க கத்தியால ஒரே போடு. அந்த மெஷின் வேண்டாம்யா!"

கறிக்கடைக்காரர் இளகின மனுஷன் என்று சொன்னேனே. துணியில் சுற்றியிருந்த கத்தியைப் பாதி பிரித்தேவிட்டார். தையல்காரி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"உங்க பொண்டாட்டி சொல்றேன். சட்டப்படிப் பொண்டாட்டி. கத்தியக் கட்டுங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் கத்தியைக் கட்டினார். டிரைவர் சுவரைப் பிடித்து எழுந்தார். மூன்று பேரும் ஒருத்தரையொருத்தர் தாங்கிக்கொண்டு கதவுக்கு நடந்தார்கள். பின்னால் குறடு தட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. பதிவாளர் கட்டிடமே அதிரக் கத்தினார்.

"விட்டுட்டுப் போகாதம்மா! நானும் உன் புருஷன்தான்! பதிவேட்டுல இருக்கு! நானும் உன் புருஷன்!"

தையல்காரி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "அதனாலதான் சொல்றேன், கத்தாம கைய வைங்க. நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் கத்தல."